சாராயக் குடத்தில் வரலட்சுமி

பிரிட்ஜ்வாட்டர்
16-8-98

அன்பு மகள் தென்றலுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், சான்டா கிளாராவுல நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும். போன்ல சொன்னா உங்கப்பா பாதியில பிடுங்கி அவர் கதையா ஆக்கிருவாரு, அதான் லெட்டர். உக்காந்து படி கண்ணு, நின்னுட்டுப் படிக்கிற விஷயமில்ல!

பேஸ்மென்ட்ல ஷெல்ஃப் அடிக்கப் போயி உங்கப்பா சுவத்தையே உடைச்சுட்டாரு. உள்ள ஒரு ஆள் நிக்கிற அளவுக்குப் பொந்து, அதுல கரி பிடிச்ச செப்புக் குடம். நான் விடுவனா? புளி போட்டு ரெண்டு நாள் தேச்சேன், தங்கமாட்டம் மின்னுச்சு. வாயில தேங்காய் கச்சிதமா உக்காந்துச்சு. வரலட்சுமி நோன்புக்கு அதையே கலசமா வெச்சு, மஞ்சள் பூசி, அம்மன் முகம் கட்டி, தெருவையே கூப்பிட்டுட்டேன். அடுத்த தெரு தெரேசா ஆன்ட்டி, எண்பது வயசு இத்தாலிக்காரம்மா, இதே வீட்டுல பொறந்தவங்களாம், குடத்தைப் பார்த்ததும் சுண்டல் தட்டைக் கீழ போட்டுட்டாங்க. அது அவங்கப்பா சாராயம் காய்ச்சின குடமாம்! அப்ப இங்க மதுவிலக்கு, அவரு பேஸ்மென்ட்ல காய்ச்சி நியூயார்க்குக்கு அனுப்புவாராம். அடியில இருக்கிற நசுங்கல் அண்ணன் நிக்கோலா கீழ போட்டதாம். எனக்குத் தலையே சுத்திருச்சு, சாராயக் குடத்துக்கா நான் ஆரத்தி எடுத்தேன்!

ஆனா ஆன்ட்டி அழுதது வேற எதுக்கோ. 1929ல போலீஸ் வர்றதுக்கு முந்தின நாள் குடத்தைக் காணோமாம். நிக்கோலாதான் எதிர்க் கும்பலுக்கு வித்து, அப்பாவையும் காட்டிக் குடுத்துட்டான்னு வீடே நம்பி, பதினேழு வயசுல அவரைத் துரத்திட்டாங்க. ஆனா அவங்கப்பா கொத்தனாரு, போலீஸ் கையில சிக்காம தானே சுவர் வெச்சு மறைச்சிருக்காரு. ஜெயிலுக்குப் போன மூணாம் நாளே நெஞ்சுவலியில போயிட்டாரு, யாருக்கும் சொல்லல. அறுபத்தொம்பது வருஷமா அண்ணன்கூட ஒரு பேச்சில்ல, அவரு மாரிஸ்டவுன் பக்கம் முதியோர் இல்லத்துல இருக்காரு. உங்கப்பா ஆபீஸ்ல. ஃப்ரீவேல ஏறவே மாட்டேன்னு இருந்தவ நான், குடத்துக்கு சீட் பெல்ட் போட்டு, ஆன்ட்டியை ஏத்திக்கிட்டு, 287ல அறுபது மைல் வேகத்துல ட்ரைவ் பண்ணேன் சாமி! நிக்கோலா குடத்தை மடியில வெச்சு நசுங்கலைத் தடவிக்கிட்டே இருந்தாரு. சுவத்துக்குள்ள இருந்துச்சுன்னு ஆன்ட்டி சொன்னாங்க. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், அம்மாவுக்குத் தெரியுமான்னு. அவங்கம்மா செத்து நாப்பது வருஷமாச்சு. ஆன்ட்டி என் முகத்தைப் பார்த்தாங்க. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, இப்பத் தெரிஞ்சிருக்கும்னு சொன்னேன். மனுஷன் என் கையைப் பிடிச்சவரு விடவேயில்ல, நானும் அழுதுட்டேன்.

அந்த வரலட்சுமி உனக்கு ஒரு குறையும் வைக்காம பார்த்துக்கட்டும். காருக்கு ஆயில் மாத்து, தலைக்கு எண்ணெய் வை. குடம் இப்ப நிக்கோலா கட்டில் பக்கத்துல இருக்கு, பூசின மஞ்சளைத் துடைக்க விடமாட்டேங்கறாராம். வருஷா வருஷம் நோன்புக்கு மட்டும் எனக்கு இரவல். எடுத்துட்டு வர நானேதான் போவேன்.

ஆசீர்வாதத்துடன்
ஃப்ரீவே ஏறின உன் அம்மா
புஷ்பவல்லி