சனிக்கிழமை மாத்திரை

ராஜபாளையம்
6-10-91, ஞாயிறு

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்க அப்பாவும் சுகம், சிவப்புக் கோழியும் சுகம், பதினொரு குஞ்சு பொரித்து என்னைவிட மிடுக்காகத் திரிகிறது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் கண்ணுச்சாமியும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை. உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. ஆடியில் கருத்தடை மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து மாசாமாசம் ஐந்து நாள் இருந்த தூரம் இரண்டு நாளாகிவிட்டது, இப்போது நடுவிலும் சொட்டுச் சொட்டாகப் படுகிறது, கெட்ட ரத்தம் வயிற்றுக்குள் தங்குகிறதோ, நிறுத்திவிடட்டுமா என்று அழுது எழுதியிருக்கிறாய். அடி பைத்தியக்காரி, கண்ணீர் பட்டுப் பாதி எழுத்து அழிந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கு ஒரு பொழுதே போய்விட்டது. நிறுத்தாதே. பேரனைப் பெரிய ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், மூன்று வருஷத்துக்குள் அடுத்தது உண்டாகக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நினைத்துக்கொள்.

அன்றைக்கே கடுதாசியோடு ஆஸ்பத்திரி நர்ஸ் கிருபாபாயிடம் போனேன். மாத்திரை போட்டால் தூரம் குறையத்தான் செய்யும், உள்ளே ஊறுவதே கொஞ்சம், அதனால் வருவதும் கொஞ்சம், எதுவும் தங்காது என்று அவிய சொன்னார்கள். முதல் இரண்டு மூன்று மாசம் நடுவில் படுவதும் உண்டாம். பிறகு திரும்ப வாசித்துவிட்டு, "ஏக்கா, சனிக்கிழமை தவிர ஒருநாளும் விடலைன்னு எழுதியிருக்காளே, சனிக்கிழமை என்ன லீவா?" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புரட்டாசிச் சனிக்கு விளக்கேற்றும்வரை பச்சைத்தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று உனக்கு எழுதிய மகராசி நான்தானே, காலையில் போடுகிற மாத்திரையையும் நீ அதில் சேர்த்துவிட்டாய். சொன்னதும் நர்சம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "விரதம் ஒம் மக வயித்துக்குத்தான, கர்ப்பப்பைக்குமா?" என்றார்கள். நாள் விட்டு விட்டுப் போட்டாலும் இப்படிப் படுமாம், பிள்ளையும் உண்டாகிவிடுமாம். இனிமேல் ராத்திரி சாப்பிட்டதும் தினம் ஒரே நேரத்தில் போடு. மறந்தால் ஞாபகம் வந்த உடனே போடு. இந்த மாசம் வராமலே போனால் மூத்திரம் பரிசோதித்துப் பார். கால் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலை வெடிக்கிற மாதிரி வலித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் ஓடு. மாப்பிள்ளை இதைப் படித்தால் படிக்கட்டும், வெட்கப்படுவதற்கு அவர் என்ன சின்னப்பிள்ளையா.

நேற்று மூன்றாம் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பக்கத்தில் நம்ம பெருமாள் இருக்கிற திருவண்ணாமலைக் குன்று ஏறினேன், உன் விரதத்தை நான் எடுத்துக்கொண்டேன். "காலையில ஆறு இட்லி முழுங்குதவளுக்கு விரதமாம், பெருமாளே அதிசயம் பாக்க எறங்கி வந்துருவாரு" என்று உங்க அப்பா வழிநெடுகக் கேலி. பாதிப் படியில் யாரோ பிரித்த புளியோதரை வாசத்தில் கண் இருட்டியது, ஆனாலும் தின்னவில்லை. மிச்சமிருக்கிற கடைசிச் சனிக்கும் நான்தான் பட்டினி. ஆள் மாறியதைப் பெருமாளிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். இது வெள்ளிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிட்டால், மறுநாள் சனிக்கிழமை நீ மறக்காமல் மாத்திரை போடு. நான் இங்கே பட்டினி கிடப்பது வீணாகக்கூடாது.

உன் அம்மா,
பிச்சையம்மாள்