லேப்டாப்பின் வலது மூலை

ஐப்பசி 9, வெள்ளி

மழை மூட்டம். முட்டை வண்டி வரவில்லை. கொட்டகையில் தட்டுகள் அடுக்கியபடியே.

சாயங்காலம் இவர் திருச்செங்கோட்டிலிருந்து லேப்டாப் வாங்கி வந்தார். மகள் பிரியாவுக்கு. திங்கள் முதல் வீட்டிலிருந்தே வேலை. வாங்கியது சதீஷ் கடையில். பிரியாவுக்குப் பார்த்திருக்கும் பையன். அவளுக்குப் பிடித்துவிட்டது. என் அண்ணனுக்கும். உப்புச்சர்க்கரை மாற்றிச் சம்பந்தத்தை உறுதி செய்வதுதான் பாக்கி, அதற்குத் திங்கள் சந்தையில் அண்ணன் உப்பு வாங்க வேண்டும். எனக்குத்தான் இன்னும் மனசு ஒட்டவில்லை.

பெட்டியில் டேப் அறுத்திருந்தது.

"ஏனுங்க, புதுசுன்னா இப்படியா இருக்கும்?"

"கடையிலயே பிரிச்சுக் காட்டுனாங்க புள்ளெ." மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். மாடு அப்போதுதான் குடித்து முடித்திருந்தது.

10, சனி

வெயில். துவைத்தது காய்ந்துவிட்டது.

லேப்டாப் மூடியில் வலது மூலையில் சந்து. நகம் போகிறது. இடது மூலையில் போகாது. திறந்தால் கிறீச். மேஜையில் வைத்தால் ஆட்டம், மேஜையைத் திருப்பிப் போட்டும் ஆட்டம்.

முட்டை பிரிக்கும்போது இரண்டை லேசாக முட்டிப் பார்ப்போம். நல்லதுக்கு ஒரு சத்தம், கீறலுக்கு ஒரு சத்தம். அதுபோல விரலால் தட்டினேன். வலது மூலையில் டிக். கீறல் முட்டைச் சத்தம்.

"அம்மா, அது முட்டையில்லெ."

"தெரியுது கண்ணு. நாறுறதுக்கு முன்னாடியே பாத்துக்கறன்."

சரசுக்கு மாப்பிள்ளை பார்த்தது ஞாபகம் வந்தது. மல்லசமுத்திரத்துப் பெரியம்மா மகள். பையன் புது பைக்கில் வந்தான். எல்லாரும் வாயைப் பிளந்தோம். பைக் பங்காளியுடையது. சரசு இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறாள். அவள் வைக்கும் கொள்ளு ரசம் மட்டும் யாருக்கும் வராது.

11, ஞாயிறு

காலையில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் நாலு மூலையிலும் ரப்பர் கால். ஒன்று கோணல், பசை பிதுங்கி. அதன் ஓரத்தில் காய்ந்த சந்தனம். குங்குமம்.

யாரோ பொட்டு வைத்துக் கும்பிட்ட சாமான். யாரோ ஓட்டிச் சலித்த பழசு.

எங்கள் வீட்டில் யாரும் வைக்கவில்லை. இவர் முன்பு புது செல்லுக்குச் சந்தனம் வைத்ததில் ஸ்பீக்கர் ஓட்டை அடைத்து, யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. பிரியா போட்ட சண்டையில் இனி எதற்கும் சந்தனம் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

இவரைக் கடைக்குக் கூப்பிட்டேன். "நா வல்லெ. தீவன லோடு இருக்குது." ஞாயிற்றுக்கிழமை என்ன லோடு. தனியாகப் போனேன். தீபாவளிக் கூட்டம். எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"பொட்டு வெச்ச பழசெப் புதுசுன்னு எங்க தலையில கட்டுனியா சாமி?"

சதீஷ் கவிழ்த்துப் பார்த்தான். சந்தனத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

"மாத்திக் குடுத்தர்றனுங்க அத்தெ."

"அப்ப பழசுதானே?"

"வேற இருக்குதுங்க. நீங்களே டேப்பை அறுத்துப் பாருங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தப்பு இல்லாதவன் இப்படியா நிற்பான்? பஸ் ஸ்டாண்டிலிருந்தே அண்ணனுக்குப் போன். "நாளைக்கு உப்பு வாங்க வேண்டாண்ணா. இந்த எடம் வேண்டாம்."

12, திங்கள்

தூறல். பிரியா கண் வீங்கி வேலைக்கு உட்கார்ந்தாள். காப்பி ஆறிப் போயிற்று.

அவள் குளிக்கப் போனபோது இவர் மாற்றி வாங்கிய புதுசைக் கவிழ்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்.

"அந்தச் சந்தனம் நா வெச்சது புள்ளெ."

கடைக்கு எதிரே பிள்ளையார் கோயில், அங்கே வைத்துக் கும்பிட்டிருக்கிறார். எலுமிச்சம்பழம் நசுக்காமல் புது டயர்கூட ஓட்டாத மனுஷன். எங்கள் கண்ணில் படக்கூடாது என்று அடியில் வைத்திருக்கிறார். துடைக்கும்போது ரப்பர் கழன்று வந்துவிட்டது. தன் லாரியில் இருந்த பஞ்சர் பசையைப் போட்டு ஒட்டினாராம்.

"அந்தப் பையனுக்குத் தெரியுமா?"

"சந்தனத் தட்டு புடிச்சதே அவன்தான்."

"அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லலெ?"

"மாமனெ மாட்டி உடுவானா? நானே நேத்துச் சொல்லலெ, பயந்துக்கிட்டு."

நாளைக்குக் கடைக்குப் போய் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வரச் சொன்னேன். நானும் போக வேண்டும். கூட்டம் குறைந்த நேரமாக.

அண்ணனுக்குப் போன். "உப்பு வாங்கீருண்ணா." ஏன் என்று கேட்டான். சிக்னல் இல்லை என்றேன்.

குளித்து வந்த பிரியாவிடம் சொன்னேன். "சரிம்மா," அவ்வளவுதான். மத்தியானம் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் அவள் எழுந்ததும் புதுசைத் தட்டிப் பார்த்தேன். வலது மூலையில் அதே டிக். அதே சந்து, நகம் போகிறது. செய்கிறவர்களே எல்லாவற்றையும் அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள் போல.

சரி. ஆனால் தட்டைப் பிடித்தவன், என் எதிரே நின்று முகத்தில் ஒன்றுமே காட்டவில்லையே. மாமனும் மருமகனும் இப்போதே கூட்டு. இன்னும் என்னென்ன மறைக்கத் தெரியும் அந்தப் பையனுக்கு.