நீல மருந்து சிவக்கும் காலை

பாலவனத்தம்
18-2-1973

அன்பு மகள் சண்முகவடிவுக்கு அம்மா முத்துத்தாய் எழுதுவது. வழக்கம்போல "இங்கு யாவரும் நலம்" என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. தபாலில் போடாமல், கோயம்புத்தூருக்கு வத்தல் லோடு ஏற்றி வருகிற பால்ச்சாமி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கவே இல்லை. அருப்புக்கோட்டை டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயும் நீல மருந்தும் கொடுத்திருக்கிறார். தினமும் காலையில் அந்த மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு நான்தான் காய்ச்சிப் பார்க்கிறேன். நீலமாகவே நின்றால் நல்லது. ஐந்து மாதமாகச் செங்கல் நிறம்தான். காலில் ஆணி குத்திய புண்ணும் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திருட்டுத்தனமாக இனிப்பு தின்கிறார் என்றே நினைத்தேன். கருப்பட்டியைப் பெட்டியில் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். கல்யாண வீடுகளுக்கும் அவரை விடவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன், அவர் பதிலே பேசவில்லை. உன் அப்பா சும்மா பழி சுமக்கிற ஆளா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போன வாரம் மிட்டாய் இருக்கிறதா என்று அவர் சட்டைப்பையைத் துழாவினேன். உன் கடிதங்கள் இருந்தன. நாலும் வேர்வையில் நைந்து, மடிப்பெல்லாம் கிழிந்து கிடந்தன. முன்பெல்லாம் இன்லண்டு லெட்டரில் ஒட்டுகிற இடம் வரை நுணுக்கி எழுதுவாய். அப்பாவின் குறட்டையைக்கூடக் கேலி பண்ணுவாய். இந்த நாலிலும் நலம், மாப்பிள்ளை நலம், கவலை வேண்டாம், அவ்வளவுதான். மீதித் தாள் வெறுமையாக இருக்கிறது.

என்ன இது என்று கேட்டேன். "எழுதுனது நம்ம பிள்ளதான். ஆனா பக்கத்துல ஆளு நிக்குது" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். ஒரே கவலை மாதக்கணக்கில் மனதில் உட்கார்ந்துவிட்டால், உடம்பே சர்க்கரையை ரத்தத்தில் சேர்த்துக்கொண்டிருக்குமாம். வாயை மட்டும் கட்டிப் பலனில்லை என்றார்.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. நல்ல இடம் என்று தேடிக் கொடுத்தது நாங்கள். ஆடிக்கு வந்தபோது கையில் இருந்த தழும்பை அடுப்புச் சூடு என்றாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஊர் என்ன பேசுமோ என்று மேற்கொண்டு கேட்காமல் விட்டேன். அந்தப் பாவம் என்னுடையது.

மாமா வியாழக்கிழமை திரும்புகிறார். லாரியில் முன்சீட்டில் ஓர் இடம் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். நீ உண்மையிலேயே நன்றாக இருந்தால், ஒட்டுகிற இடம் வரை நுணுக்கி எழுதி, அப்பாவை நாலு கேலி பண்ணி மாமாவிடம் கொடு. நம்பிக்கொள்கிறோம். இல்லையென்றால் ஒன்றும் எழுத வேண்டாம், துணிமணி எடுக்கவும் நிற்காதே. ஏறி வந்துவிடு.

இருக்கன்குடி மாரியம்மன் உன்னைப் பத்திரமாக எங்கள் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும். கதவைத் தாழ் போடாமல் வைத்திருப்பேன்.

உன் அம்மா,
முத்துத்தாய்