பட்டினி நிலத்தில் கிடை

2016 மே 28
இன்று என் நிலத்தில் நின்றவர்கள்: மகன் சிரிமான், மாடு மேய்க்கும் ஹம்மாதி, அவனுடைய நாற்பது மாடுகள், நான். அண்ணன் சாவுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன் — பாதையோரத்துப் பாதி முழுக்கச் சாணம். எருவுக்காக இரவில் மாடு அடைத்துக் கிடை போட்டிருக்கிறார்கள்.

அது பட்டினி போட வேண்டிய பாதி. பண்ணை ஆராய்ச்சிக்காரன் பாலா ஜாரா இரண்டு ஒட்டுச் சோளம் கொடுத்திருக்கிறான். ஒன்றுக்குச் சிவப்புத் துணி அடையாளம், மற்றதற்கு நீலம். உரம் போட்ட மண்ணில் இரண்டும் விளையும். எருவே காணாத மண்ணில் எது நிற்கும்? அதுதானே சோதனை. பெண்களுக்கு இங்கே கிடைப்பது ஆண்கள் உறிஞ்சிப் போட்ட நிலம்தான். போன வருஷம் இதே பாதியில் நீலம் கதிர் விட்டது, சிவப்பு முழங்கால் தாண்டவில்லை. மழை குறைவு, இன்னொரு தடவை பார்ப்போம் என்றான் பாலா.

"உன் பேத்தியப் பொண்ணு கேட்டு இந்தப் பாதையிலதான் வருவாங்க. நம்ம நிலம் சொறி நாய் மாதிரி தெரியணுமா?" என்றான் சிரிமான்.

"பாலாவுக்கு என்னடா பதில் சொல்ல?"

"அவன் என்ன, மண்ண மோந்தா பாக்கப் போறான்?"

ஜூன் 19
விதைத்தோம். சாணம் மழையில் கரைந்துவிட்டது.

அக்டோபர் 14
பாலா வந்தான். நான் திராவோரே, அவன் ஜாரா. இரண்டு குலமும் ஒன்றையொன்று கேலி பேசுவது முறை.

"வந்துட்டியா, பயறு தின்னி."

"நீங்க மிச்சம் வெச்சாத்தானே பாட்டி திங்க."

பட்டினிப் பாதியில் சிவப்பு தலைக்கு மேல் நின்றது. நீலம் அதைவிடக் குட்டை. "எரு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டான். பக்கத்தில் சம்பந்திகள் இரண்டு பேர். சிரிமான் என்னையே பார்த்தான்.

"இல்ல."

சோதனை பார்க்க வந்த பெண்கள் தங்களுக்குப் பிடித்த சோளத்தில் நூல் கட்ட வேண்டும்; நூல் அதிகம் விழுந்ததற்குத்தான் விதை எடுப்பார்கள். மேட்டு நிலத்து விதவை கோனிபா என்னைக் கேட்டாள். "தெனின் அக்கா, எதுல கட்ட?"

உன் இஷ்டம் என்றேன். பதினொரு நூலும் சிவப்பில்.

நவம்பர் 30
பேத்தி கல்யாணம் முடிந்தது. களியில் கல் கிடந்ததாம். சொன்னவளை மறக்க மாட்டேன்.

2017 செப்டம்பர் 20
கோனிபாவின் மேட்டுக்குப் போனேன். சிவப்புச் சோளம் முழங்கால் உயரம், எரு காணாமல் இலையெல்லாம் ஊதா. பாதிக்குக் கதிரே இல்லை.

"விதையில குத்தமில்ல அக்கா. என் கை ராசி."

ஏன் அப்படிச் சொன்னாள்?

அக்டோபர் 25
பாலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேலி பேசவில்லை.

"நீலத்துக்குத் தாய்ச் செடியையும் தகப்பன் செடியையும் தனியா வளத்து, சேத்து விதை எடுக்கணும் பாட்டி. யாரும் கேக்கலன்னு விட்டுட்டோம். இனி ரெண்டு மழைக்காலம் ஆகும்."

ரெண்டு மழை. அதுவரைக்கும் கோனிபாவோட புள்ளைங்க என்னத்தத் திங்கும்?

டிசம்பர் 9
கோனிபாவின் மூத்தவள் தலைநகர் பமாக்கோவுக்குப் பஸ் ஏறினாள், வீட்டு வேலைக்கு. வயது பதிமூன்று. பஸ் போனபின் கோனிபாவிடமும் சொல்லிவிட்டேன். இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு, "கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுல்ல அக்கா" என்றாள்.

சிரிமான் அழுதான். அவனை விட்டுவிட்டேன். பெற்ற பெண்ணுக்காகச் செய்தான். பாலா கேட்டது அவனை அல்ல. கேட்ட இடத்தில் வாயைத் திறந்து இல்லையென்றவள் ஒருத்திதான். அவளை மன்னிக்க மாட்டேன் — தெனின் திராவோரே.