மாடிக்காரர்களின் பாதி

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
11-6-2001

சிரஞ்சீவி பத்மஜாவுக்கு நாகலக்ஷ்மி ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். பேரன் கௌசிக் பத்தாம் கிளாஸ் மாத்யமிக் பரீட்சையில் ஆறு பாடத்தில் எண்பதுக்கு மேலே, ஆறு லெட்டர் வாங்கியிருக்கிறான். கணக்கில் தொண்ணூற்றெட்டு. அனந்த் ஹவுரா பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் மூன்றாம் வருஷம். அவன் செய்த ஏதோ மெஷினைப் பார்க்க டெல்லியிலிருந்து ஆள் வந்தார்களாம். மஹிமா ரவீந்திர சங்கீதப் போட்டியில் பெங்காலிக் குழந்தைகளையெல்லாம் தள்ளிவிட்டு முதல் பரிசு. எதிர்வீட்டு பெங்காலி மாமி போஸ் பௌதியே வந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். என் பிள்ளை சுந்தரராஜன் பாங்கில் சீஃப் மானேஜராகிவிட்டான். ஐந்தாம் கிளாஸோடு நின்றவள் வீட்டில் இப்படியா என்று ஊரே சொல்கிறது. நான் சொல்லவில்லை.

பிப்ரவரியில் உன் ஆத்துக்காரர் போனபோது வர முடியவில்லை. இந்தச் சமயத்தில் இதை எழுதக் கூடாதுதான். மாடியை எங்களுக்கு விற்றுவிட்டு நீங்கள் மெட்ராஸ் போய் ஏழு வருஷம் ஆகிறது. இப்போதுதான் முழு வீட்டையும் தன் பேருக்கு மாற்ற சுந்தரராஜன் கார்ப்பரேஷனுக்குப் போனான். எண்பத்தொன்றிலிருந்து பதின்மூன்று வருஷ வீட்டு வரியில் பாதிதான் கட்டியிருக்கிறதாம். ஒரே பில், ஆளுக்குப் பாதி என்றுதானே பேச்சு? எங்கள் பாதிக்கு எங்காத்துக்காரர் வாங்கிவைத்த ரசீதெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மாடிப் பாதிக்கு ஒன்றுகூடக் கிடையாது. வட்டியும் அபராதமும் சேர்த்துப் பதினோராயிரத்து அறுநூறு. கட்டாவிட்டால் ஜப்தியாம்.

சுந்தரராஜன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறேன் என்று குதித்தான். "ஒரே வாசல்ல செருப்பு விட்டவாடா, நான் கடுதாசி போடறேன்" என்று நான்தான் அடக்கி வைத்திருக்கிறேன். பணத்தை அனுப்பிவிடு. உன் முழங்கால் வலி தேவலையா?

இப்படிக்கு,
நாகலக்ஷ்மி

நங்கநல்லூர், சென்னை
20-6-2001

அன்புள்ள அக்காவுக்குப் பத்மஜா நமஸ்காரம்.

குழந்தைகளின் சமாசாரம் படித்துச் சந்தோஷப்பட்டேன். மற்றதையும் படித்தேன். உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே அங்கே நம் தமிழ்ச் சங்கத்துக் காரியதரிசி கோவிந்தராஜன் போன் பண்ணிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுப் பந்தியில் சுந்தரராஜன் நாற்பது பேர் காதுபட, "ராஜாராமன் மாமா எங்க தலையில மொளகா அரைச்சுட்டு ஊருக்குப் போயிட்டார்" என்றானாமே. செத்து நாலு மாசம்கூட ஆகாத மனுஷனை!

அக்கா, நாங்கள் பாக்கி வைக்கவில்லை. எண்பத்தொன்றில் தண்ணீர் மோட்டார் சண்டையில் ஆண்கள் இரண்டு பேரும் பேச்சை விட்டார்கள். இவர் போய் உங்காத்து அத்திம்பேர் கையில் கொடுக்க மாட்டார். அத்திம்பேர் கேட்க மாட்டார். துர்கா பூஜைக்கு முன்னால் பில் வந்து மாடிப்படிச் சுவரில் செருகியிருக்கும். பார்த்துக்கொள்வேன். நவராத்திரிக்கு நீங்கள் எங்கள் கொலுவுக்கு மேலே வரும்போது, தாம்பூலத்தில் வெற்றிலைக்கு அடியில் எங்கள் பாதியைக் கவரில் வைத்துக் கொடுத்தேன். பதின்மூன்று நவராத்திரியும் கொடுத்தேன். கொலு பார்க்க வந்தவளிடம் வரி என்று எப்படி வாயைத் திறந்து சொல்வது? சொல்லாதது என் தப்பு.

பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. எந்தப் பந்தியில் உங்கள் பிள்ளை சொன்னானோ, அதே பந்தியில் இவர் யாரையும் ஏமாற்றவில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். எனக்கு அது போதும்.

பத்மஜா

கல்கத்தா
2-7-2001

பத்மஜாவுக்கு,

தாம்பூலத்தில் வைத்தது குழந்தைகளுக்கு வைத்துக் கொடுத்தது இல்லாமல் வேறென்ன? வெற்றிலை பாக்கோடு கார்ப்பரேஷன் வரியை யாராவது கொடுப்பார்களா? வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் மறுநாளே உனக்கு ரவிக்கைத் துணி கொடுத்தேன், கரியாஹாட்டில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்தது. வெளுத்துப் போகிற துணி ஒன்றுகூடக் கொடுத்ததில்லை.

நான் அதிகம் படிக்காதவள்தான். ஆனால் எண்ணத் தெரியும்.

நாகலக்ஷ்மி

சென்னை
14-7-2001

அக்கா,

எண்ணத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பத்தொன்றில் நூற்று எண்பத்தேழு ரூபாய். எண்பத்தாறில் இருநூற்று நாற்பத்தொன்று. கடைசி வருஷம் முந்நூற்றுப் பன்னிரண்டு. பில்லில் பாதி, மங்கலத்துக்கு மேலே ஒரு ரூபாய். எந்த ஊரில் குழந்தைக்கு நூற்று எண்பத்தேழு ரூபாய் வைத்துக் கொடுக்கிறார்கள்? எங்கள் பெண் ஷியாமளாவுக்கு நீங்கள் வைத்துக் கொடுத்தது பதினொரு ரூபாய்.

அந்த ரவிக்கைத் துணியை நான் ரசீது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விநாயக சதுர்த்திக்கு எல்லோரும் சங்கத்தில் கூடுவார்கள். அங்கே சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால் எனக்கு எழுத வேண்டாம்.

பத்மஜா

கல்கத்தா
2-9-2001

சிரஞ்சீவி பத்மஜாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

எண்பத்தைந்தில் எங்காத்துக்காரர் டைபாய்டில் கிடந்தார். அந்த வருஷம் பில்லைச் சுவரிலிருந்து நான்தான் எடுத்தேன். அடுத்த வாரம் உன் கவரைப் பிரித்தேன். சரியாகப் பாதி, மேலே ஒரு ரூபாய். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அனந்தைக் கான்வென்டில் சேர்க்கப் பணம் கட்ட வேண்டியிருந்தது. சுந்தரராஜன் அப்போது வெறும் குமாஸ்தா. இந்த ஒரு தடவை என்று எடுத்தேன். அப்புறம் எட்டு வருஷம் எடுத்தேன். மாடிக்காரர் தன் பாதியைத் தானே கட்டுகிறார் என்றே எங்காத்துக்காரர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

போன மாசம் போஸ் பௌதியைத் துணைக்கு அழைத்துப் போய் என் வளையல் நான்கையும் விற்றேன். கை வீங்குகிறது, கழற்றி வைத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். பாக்கி முழுக்கக் கட்டியாயிற்று. பணம் ஏது என்று சுந்தரராஜன் கேட்டான். மெட்ராஸிலிருந்து வந்த ஆளிடம் நீ கொடுத்தனுப்பியதாக வாயில் வந்துவிட்டது. "பார்த்தியாம்மா, தப்பை ஒத்துண்டுட்டா" என்றான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சதுர்த்திப் பந்தியில் சொல்லத்தான் எழுந்தேன். கோவிந்தராஜன், "சத்தம் போடாதேங்கோ, மாமி என்னமோ சொல்லணும்கறா" என்று எல்லோரையும் அடக்கினார். எனக்கு எதிரே அனந்த் இலைக்கு இலை பரிமாறிக்கொண்டு வந்தான். "இவன்தானே அந்த மெஷின் பண்ணின பையன்?" என்று யாரோ கேட்டார்கள். உப்புக் கொழுக்கட்டையில் உப்பே இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ராஜாராமன் ஒரு பைசா பாக்கி வைக்கவில்லை. உனக்கு எழுதித் தந்துவிட்டேன். பத்திரமாக வைத்துக்கொள். நான் இருக்கிற மட்டும் யாரிடமும் காட்டாதே.

ஷியாமளாவுக்குப் பெண் பிறந்திருக்கிறதாமே, சுபிக்ஷா என்று பேர் வைத்திருக்கிறீர்களாம். கோவிந்தராஜன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கடிதம் எழுத உனக்கு மனசு வராது. போகட்டும். குழந்தையைப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, அதை மட்டுமாவது தபாலில் போடு.

நாகலக்ஷ்மி