கண்ணாடி அலுமாரியும் கௌசலாவும்

உ

அச்சுவேலி,
27.10.1979

அன்புள்ள மகள் கமலாவதிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் பிள்ளை கௌசலாவும் பிள்ளையார் புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகன் சிவசுப்பிரமணியமும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டுமென்று நேற்றும் கோயிலில் உங்கள் இருவர் பெயருக்கும் அருச்சனை செய்வித்தேன். சுகம் விசாரிக்கிற பகுதி இத்தோடு சரி. மிச்சம் முழுக்கக் கோபம்தான், ஒரு கதிரையில் இருந்து வாசி. நின்ற நிலையில் வாசித்துவிட்டு வேலைக்கு ஓடாதே.

செவ்வாய்க்கிழமை வந்த உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் விளங்கவில்லை, இரண்டாம் தரம் விளங்கியது, மூன்றாம் தரம் கடிதத்தைக் கசக்கிவிட்டுத் திரும்ப நீவி எடுத்தேன். "நீங்கள் ரெண்டு பேரும் என்ரை பிள்ளையை எனக்குப் பிறத்தியாக்கிப் போட்டியள்" என்று எழுதியிருக்கிறாய். அதை எழுத உனக்கு எப்படியடி பேனா ஓடியது? பத்து மாதக் குழந்தையாக லண்டனிலிருந்து கொண்டுவந்து, எனக்கு ஆஸ்பத்திரி வேலை, அவருக்குப் படிப்பு, ஒரு வருசம் வைச்சுப் பாருங்கோ என்று உன் அம்மாவின் மடியில் கிடத்திவிட்டுப் போனவள் நீ. அந்த ஒரு வருடம் நாலாம் வருடத்தில் வந்து நிற்கிறது. அவள் நடை பழகினதும், வாய் திறந்து கதைக்கத் தொடங்கினதும், சின்னமுத்து வந்து பன்னிரண்டு நாள் வேப்பிலைக்குள் கிடந்ததும் எல்லாம் இந்த வளவுக்குள்தான். அதற்கு நாங்கள் நன்றி கேட்கவில்லை, எங்கள் பேத்தியை நாங்கள் பார்க்கிறோம். ஆனால் ஒரு வாயால் பிறத்தியாக்கிவிட்டீர்கள் என்று சொல்லிக்கொண்டு, மறு வாயால் வீடு வாங்கி முடியும்வரை இன்னும் இரண்டு வருடம் வைத்திருங்கள் என்கிறாயே, அவள் மனம் மாறுவதற்குப் பெரிய விளையாட்டுச் சாமான் பார்சல் ஒன்று வருகிறது என்கிறாயே, அங்கேதான் எனக்கு விசர் கிளம்பியது.

அதோடு ஒரு ரைம் டேபிள் வேறு, டைப் அடித்து நாலு பக்கம். காலை ஏழரைக்கு எழுத்துக்கட்டை, எட்டரைக்குத் துண்டுப் படம் பொருத்துதல், பத்து மணிக்கு மரமணிக்கூட்டில் நேரம் பார்க்கப் பழக்குதல், பத்தரைக்குப் பாவைப்பிள்ளையோடு ஆங்கிலத்தில் மட்டும் கதைத்தல். இருபத்திரண்டு வருடம் பஸ் நிலையத்தில் ரைம் கீப்பராக இருந்தவன் நான், உப்படி ஒரு ரைம் டேபிளைக் கண்டதில்லை. பஸ் பிந்தினால் சிவப்பு மையால் எழுதுவேன். நாலரை வயதுப் பிள்ளை பிந்தினால் எதனால் எழுதுவது? அது ஆட்டுக்குட்டியைக் கண்டால் நிற்கும், மழை பெய்தால் வெளியே கையை நீட்டும், உன் ஏழரை எட்டரை அதற்குத் தெரியாது. விளையாட்டால் பிள்ளைக்குப் புத்தி வளரும் என்று நீ எழுதியது சரி, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் விளையாட்டை டியூட்டி ஆக்கினால் அது விளையாட்டா?

சரி, இனி எங்கள் பிழைக்கு வருகிறேன். உன்னை மட்டும் ஏசிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. நீ இதுவரைக்கும் ஐந்து பார்சல் அனுப்பினாய். ஒவ்வொன்றும் வந்த அன்று உன் அம்மாவுக்கு வந்த சந்தோசப் புழுகத்தைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு சாமானையும் துணியால் துடைத்து, முன்விறாந்தைக் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கி, பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துவிட்டாள். மேல்தட்டில் உறங்கி விழிக்கிற பாவைப்பிள்ளை, அதன் மட்டைப்பெட்டிகூட எறியவில்லை. கீழ்த்தட்டில் கட்டைகள், மணிக்கூடு, சாவி கொடுத்தால் ஓடுகிற ரயில். நடுத்தட்டில் தாதி உடுப்போடு நீ நிற்கிற படம். வீட்டுக்கு வருகிற சனம் எல்லாம் முதலில் அலுமாரிக்கு முன்னால்தான் போய் நிற்கும். இங்கே எந்த வீட்டில் வெளிநாட்டுச் சாமான் வந்தாலும் அதுதான் நடக்கிறது, நாங்களும் அதைத்தான் செய்தோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கதவு திறபடும். கை கழுவி, துடைத்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளை பார்க்கலாம். "லண்டன் சாமான் மோனை, தொட்டால் உடைஞ்சிடும்" என்று உன் அம்மா சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து வளவு அருமைநாயகியின் சின்ன மகள் ஒருநாள் கண்ணாடியில் விரல் வைத்ததற்கு அந்தப் பிள்ளை வாங்கின பேச்சு எனக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் நான் பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

இப்போது நீ வந்த கதை. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கென்று மூன்று கிழமை லீவில் வந்தாய். கார் படலையடியில் நின்றதும் நீ ஓடிவந்து பிள்ளையைக் கட்டிப்பிடித்தாய். பிள்ளை மரம் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு மூன்று கிழமையும் அதே கதைதான். நீ இருக்கிற இடத்துக்கு வருவாள், ஒரு முழம் தள்ளி நிற்பாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உன்னையே பார்ப்பாள். நீ சோறு தீத்தினால் வாயை மட்டும் திறப்பாள். வெட்கம் என்று நாங்கள் சொன்னோம், பழகாத பழக்கம் என்று அருமைநாயகி சொன்னாள், பெற்ற தாயைத் தெரியவில்லையே என்று நீ போகிற அன்று கிணற்றடியில் நின்று அழுதாய். ஒருத்தருக்கும் அந்தக் கைகள் ஏன் பின்னால் போயின என்று யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கக்கேடு. நான் உட்பட.

உன் கடிதம் வந்த அன்று பின்னேரம் நான் உனக்குப் பதில் எழுத மேசையில் இருந்தேன், கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். முற்றத்தில் பிள்ளையும் அருமைநாயகியின் சின்னவளும் பஸ் விளையாடினார்கள். நாலு சாப்பாட்டுக் கதிரையை வரிசையாக வைத்து, என்னுடைய பழைய ரிக்கற் புத்தகத்தோடு கௌசலாதான் கொண்டக்டர். கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று ஒரு தரிப்பிடம் பிழையாமல் கத்துவாள், நாற்பது வரைக்கும் எண்ணி ரிக்கற் கிழிப்பாள். அந்த எண்ணல் உன் மணிக்கூட்டால் வந்ததில்லை, மணிக்கூடு பூட்டிக்கிடந்தது. சின்னவள் ஏறியிருந்து, "எனக்கு லண்டனுக்கு ஒரு ரிக்கற் தாங்கோ" என்றாள். இவள் சட்டென்று, "லண்டனுக்கு பஸ் போகாதடி, லண்டன் எங்கடை அலுமாரிக்கை கிடக்கு, அம்மம்மாட்டைத்தான் திறப்பு" என்றாள். நான் பேனையை வைத்துவிட்டேன் கமலாவதி. எழும்பிப் போய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஏன் மோனை, அம்மா வந்து நிண்டவதானே, நீ ஏன் அவவிட்டைப் போகேல்லை என்று கேட்டேன். அவள் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள், தான் ஏதோ பிழை செய்ததற்கு விசாரணை என்று நினைத்தாளாக்கும். "நான் அம்மாவைத் தொடேல்லை அம்மப்பா. வடிவாய்க் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிண்டனான். அம்மா ஒரு இடமும் உடையேல்லைத்தானே?" என்றாள்.

இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. மூன்று கிழமையும் அந்தப் பிள்ளை உன்மேல் ஆசை இல்லாமல் நிற்கவில்லையடி. ஆசையை அடக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றிருக்கிறாள். நீ அதை வெறுப்பு என்று எழுதி எங்கள் தலையில் போடுகிறாய்.

உடனே உன் அம்மாவிடம் திறப்பைக் கேட்டேன். தரமாட்டேன் என்று நின்றாள், ஏன் எதற்கு என்றாள், கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் நான் அவளோடு அப்படிச் சத்தம் போட்டதில்லை. பிள்ளை சொன்னதைச் சொன்னேன். திறப்பை முடிச்சவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் இருந்துவிட்டாள், அன்றைக்கு இடியப்பம் அவியவில்லை, நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். நான் அலுமாரியை அகலத் திறந்து எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். இரண்டு பிள்ளைகளும் முதலில் கிட்ட வரப் பயந்து நின்றார்கள். நானே ரயிலுக்குச் சாவி கொடுத்து ஓடவிட்டேன், அதற்குப் பிறகுதான் வந்தார்கள். இன்றைக்கு நாலாம் நாள். பாவைப்பிள்ளையின் ஒரு கண் உள்ளே போய்விட்டது, அதைக் கிணற்றடியில் குளிப்பாட்டி வேப்பெண்ணெய் பூசியிருக்கிறார்கள். துண்டுப் படத்தில் இரண்டு துண்டைக் காணோம், ஆடு தின்றதாகச் சந்தேகம். எழுத்துக்கட்டை எல்லாம் பஸ் தரிப்பிடம் ஆகிவிட்டது. நீ கேட்டால் உனக்கு நெஞ்சு வலிக்கும், எனக்கோ பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. உன் அம்மாவும் நேற்று அந்தக் குருட்டுப் பாவைக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொடுத்தாள். எல்லாவற்றையும் தூக்கின பிள்ளை, உன் படத்தை மட்டும் தொடவில்லை. எடு மோனை என்று நான் கையில் கொடுத்தும் வாங்கவில்லை. அதை என்னால் சரிக்கட்ட முடியாது. உன் அம்மாவாலும் முடியாது. அது உன் அலுவல்.

ஆனபடியால் கேள். பெரிய பார்சல் அனுப்பாதே. அனுப்பினால் பிரிக்காமல் தபால்கந்தோரிலேயே திருப்பி அனுப்புவேன், நான் சொன்னால் செய்கிறவன் என்று உனக்குத் தெரியும். வீடு வாங்குவதை வாங்குகிறபோது வாங்குங்கள், ஒரு அறையில் மூன்று பேர் இருந்தால் கூரை இடிந்து விழாது, நீ பிறந்தபோது நாங்கள் அப்படித்தான் இருந்தோம். பிள்ளையின் பெயர் உன் பாஸ்போட்டில்தான் இருக்கிறது, நீ வராமல் அவள் பிளேன் ஏற முடியாது, இல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்குப் பதிலாக நானே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பேன். மார்கழி முடிவதற்குள் வா. மூன்று கிழமை போதாது, ஒரு மாதமாவது இங்கே இரு, உன் கையால் குளிப்பாட்டு, தலை வாரி இழு, அவளின் பஸ்ஸில் ஏறி ரிக்கற் வாங்கு. கட்டிப்பிடித்துத் திக்குமுக்காட வைக்காதே, நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இரு, அவளாக வந்து உன்மேல் சாயும்வரைக்கும் பொறு. அதற்குப் பிறகு கூட்டிக்கொண்டு போ.

அங்கே போனபிறகும் சில காரியம். சமைக்கும்போது அவளைக் குசினியிலிருந்து துரத்தாதே, வெங்காயம் உரிக்கக் கொடு, கோப்பை கழுவவிடு, அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் உங்கள் கடைகளில் இல்லை. ரெலிவிசனுக்கு முன்னால் இருத்திவிட்டு நீ நித்திரை கொள்ளாதே. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வெள்ளையோ கறுப்போ கூப்பிட்டு விளையாடவிடு, தனியே விளையாடுகிற பிள்ளைக்குத் தோற்கத் தெரியாது. ஆங்கிலம் தானாக வரும், நீ வீட்டில் தமிழில் கதை, அவளின் அச்சுவேலிக் கதையைக் கேட்டு மருமகன் சிரிக்கக்கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லு. ஒன்றை உடைத்தால் ஏசாதே. இதை மட்டும் என் தலைமேல் அடித்துச் சத்தியம் பண்ணு.

வேறு புதினம் பெரிதாக இல்லை. விசயதசமிக்குப் பிள்ளைக்கு ஏடு தொடக்கினோம், ஐயர் கையைப் பிடித்து எழுதுவித்தார், அழவில்லை. சிவலைப் பசு நாம்பன் காளைக்கன்று போட்டிருக்கிறது. ஐப்பசி மழை இன்னும் பிடிக்கவில்லை, வந்தால் கிணறு நிரம்பும். என் முழங்கால் நோ அப்படியேதான். இவ்வளவு ஏசினேன் என்று மனம் உடையாதே, பெற்ற பிள்ளையை ஏச எனக்கு உரிமை இருக்கிறது, வேறு யாரும் உன்னை ஒரு சொல் சொன்னால் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். நீயும் மருமகனும் பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழ் நூறு வயது இருக்க அந்தப் பிள்ளையார் துணை நிற்பார். லீவுக்கு நாளைக்கே எழுதிக்கொடு, பிளேனில் இடம் கிடைத்ததும் தந்தி அடி, மறவாதே.

இதை எழுதுகிறபோது உள்ளே தையல் மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. தை மாதம் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டுமென்று உன் அம்மா பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறாள். ஒன்று முடிந்துவிட்டது, இரண்டாவதுக்குத் துணி வெட்டுகிறாள். உன்னை வந்து கூட்டிப்போகச் சொல்லி எழுதுகிறேன் என்று நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. சீவரத்தினம்