எங்கள் சபையின் கார்பன் நோன்பு

ஜனவரி 12, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி போட்டார்கள். செயலாளர் நான். வேறு யாரைப் போடுவார்கள்? ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுத்தவள் இந்தச் சபையில் நான் ஒருத்திதானே.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் இறைச்சியை விடுகிற மாதிரி இந்த வருஷம் கறண்டையும் பெட்ரோலையும் குறைப்போம் என்று போதகர் சொன்னார். கார்பன் நோன்பு. லெந்து வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே தொடங்குவோம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நடந்து வரணும். வீடு வீடாகக் கறண்டு பில்லை வாங்கி, யார் எத்தனை யூனிட் என்று ஆலய வாசலில் போர்டில் எழுதணும். ரொம்பக் கூடின வீட்டுக்காரர் எழுந்து, இனி எப்படிக் குறைப்போம் என்று சாட்சி சொல்லணும். ரொம்பக் குறைத்தவர், எப்படிக் குறைத்தோம் என்று சொல்லணும். சாட்சி என்னுடைய யோசனை. நாலு பேர் முன்னால் நாணம் வந்தால்தான் நம்ம ஆட்கள் சுவிட்சில் கை வைப்பார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

பிரேமகுமாரி ஆட்டோவில் வந்து வளைவில் இறங்கி, நடந்து வந்தவள் மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். முகத்தில் பவுடர்கூட கலையவில்லை. எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அழுதாள். அழட்டும்.

பிப்ரவரி 8, சனி

பில் எல்லாம் வந்தாச்சு. கடைசி இடம் யாருக்கு? என் சொந்தத் தம்பி ஜெயதாஸ் வீட்டுக்கு.

பெருங்கடவிளை பக்கம் குவாரியில் வேலை பார்த்து, பாறைப் பொடி நெஞ்சில் ஏறி, நுரையீரல் போனவன். மூச்சு மெஷின் ஓடினால்தான் அவனுக்கு மூச்சு. அடுத்த வீடுதான், ராவும் பகலும் அது ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். சபைக் கணக்கர் சுந்தரதாஸ், மெஷினுக்கு ஆனதைக் கழித்துவிடலாமே டீச்சர் என்றார். போதகரும் தலையாட்டினார். நான் விடவில்லை. செயலாளரின் தம்பி என்றால் சலுகையா? நாளைக்கே ஆளுக்கொரு நோவு சொல்லிக்கொண்டு வருவார்கள்.

அதுவும் மெஷின் மட்டுமா? அவன் பொண்டாட்டி லிஜாவுக்கு வாஷிங் மெஷினும் வேண்டும். நெய்யாற்றின்கரை துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள் இல்லியா, கையால் துவைத்தால் நகம் உடைந்துவிடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

லிஜா எழுந்து, இனிக் குறைச்சுக்கிடுதோம் என்று மட்டும் சொன்னாள். மெஷின் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொன்னால் என்ன, வாய் தேய்ந்துவிடுமா? திமிர். உட்காரும்போது என்னைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

லிஜா வேலைக்குப் போன பிறகு தம்பியைப் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "நான் செயலாளரா இருந்து, கூடப்பிறந்தவன் வீடு கடைசி. எனக்கு நாணக்கேடு ஆக்கும் மக்கா."

டாக்டர்மார் எதையும் கூட்டித்தான் எழுதுவார்கள், மனசில் தெம்பு இருந்தால் கொஞ்ச நேரம் மெஷின் இல்லாமல் இருந்துகிடலாம் என்றும் சொன்னேன். சின்ன வயசிலிருந்தே என் பேச்சைத் தட்டாதவன். பாக்கலாம் அக்கா என்று சிரித்தான்.

மார்ச் 6, வியாழன்

நேற்று லெந்து தொடங்கியாச்சு. தம்பி வீட்டில் பகலில் மெஷின் சத்தம் இல்லை. லிஜா பஸ் ஏறினதும் நிற்கிறது, அவள் வருகிற நேரம் மறுபடி ஓடுகிறது. அவளுக்குத் தெரியாது போல. பார்த்தாயா, முடியும் என்றால் முடியும். மனசுக்கு நல்லா இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். உதடு கருத்திருந்தது. கஷ்டமா இருக்காலே என்று கேட்டேன். இல்லை என்று கையைத்தான் ஆட்டினான், பேசவில்லை.

லிஜாவிடம் சொல்லணுமா? சொன்னால் என் மேல் சாடுவாள். ஈஸ்டர் வரைக்கும்தானே.

மார்ச் 19, புதன்

ஜெயதாஸ் போயிட்டான்.

மார்ச் 22, சனி

மத்தியானமே போயிருக்கான். சாயங்காலம் லிஜா வந்துதான் பார்த்திருக்கா. சுவிட்ச் அணைஞ்சு கிடந்துது. கறண்டு போயிருக்கும்ணு வந்தவங்க எல்லார்ட்டயும் சொன்னேன். ஏன் சொன்னேன்? ஒருத்தரும் கேக்கல்ல. நானா சொன்னேன். எலே ஜெயா, கொஞ்ச நேரம்ணுதானே சொன்னேன்? பகல் முழுக்க அணைச்சுப் போடணும்ணு நான் எப்பம்ல சொன்னேன்?

அடக்கத்துக்கு வந்த பிளாஸ்டிக் மலர்வளையங்களை வாசலிலேயே வாங்கி ஓரமாக வைத்தேன். யாராவது அதைச் செய்யத்தானே வேண்டும். லிஜா பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

லிஜா வீட்டைப் பூட்டிக்கொண்டு பனச்சமூட்டில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சாவியை சுந்தரதாஸிடம் கொடுத்திருக்கிறாள். அடுத்த வீட்டில் நான் இருக்கிறேன்.

ஏப்ரல் 12, சனி

துக்கம் என்று இந்தத் தடவை போர்டு எழுதவில்லை. ராத்திரி சத்தமே இல்லாமல் இருக்கிறது. தூக்கம் பிடிக்கவில்லை.

ஜூன் 14, சனி

ஈஸ்டரோடு நோன்பு முடிந்தாலும் போர்டையும் சாட்சியையும் நிறுத்தவில்லை. பில் வந்தது. ரொம்பக் குறைவு ஜெயதாஸ் வீடு. பூட்டின வீடு, பின்னே எப்படி இருக்கும்? சேர்க்க வேண்டாம் என்று சுந்தரதாஸிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே போர்டில் முதல் இடத்தில் எழுதினார். லிஜாவுக்கு ஃபோனும் பண்ணியிருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து மழையில் நடந்தே வந்தாள்.

போதகர் சாட்சி நேரத்தைத் தாண்டிப் பாட்டுக்குப் போகப் பார்த்தார். அவளே எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"எப்படிக் குறைச்சோம்ணு சொல்லணும் இல்லியா. பகல்ல நான் இல்லாத நேரம் அவரு மெஷின அணைச்சாரு. அக்காவுக்கு நாணக்கேடு வரப்பிடாதுண்ணு ஆக்கும். போறதுக்கு முந்தின நாள்தான் என்கிட்ட சொன்னாரு. வேண்டாம்ணு கும்பிட்டுக் கேட்டேன். சரிண்ணாரு. மறுநாளும் அணைச்சாரு."

அவ்வளவுதான். இறங்கி வந்து பெண்கள் பக்கம், என் வரிசையிலேயே உட்கார்ந்தாள்.

சாட்சி முடிந்தால் ஸ்தோத்திரம் சொல்லுவது எங்கள் சபையில் வழக்கம். பின்னாலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்கள். உடனே எல்லாரும் சொன்னார்கள்.

நானும் சொன்னேன்.